வடக்குச் சுவரோரம்

டண்டீ நகரம் எங்கள் லோகிமூர் கிராமத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை. அதுவரை நாங்கள் தனித் திருச்சபை. எங்களுக்கென்று ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், குடிகாரர்களைப் பெயர் சொல்லித் திட்ட ஒரு போதகர். கைத்தறிகள் போய்ச் சணல் ஆலை வந்தபோதுகூட அது மாறவில்லை. நகரசபை வந்ததும் மாறியது. டிராம் ஓட அகலமான சாலை வேண்டும் என்றார்கள். குறுக்கே எங்கள் பழைய கல்லறைத் தோட்டம் கிடந்தது.

பெயர்க்கல் வைத்த கல்லறைகளைத் தோண்டி மலைமேல் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கல் இல்லாதவர்கள் சாலைக்கு அடியிலேயே கிடக்கவேண்டியதுதான்.

என் பக்கத்து வீட்டு எல்ஸ்பெத்தின் பிள்ளைக்குக் கல் கிடையாது. கல்யாணமான புதிதில் இறந்தே பிறந்தவன். அவள் ஜுரத்தில் நினைவின்றிக் கிடக்க, கணவன் ஆர்ச்சிதான் புதைத்துவிட்டு வந்தான். "வடக்குச் சுவரோரம்" என்று மட்டும் சொன்னான். பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் அந்தச் சுவரோரம் போய் நிற்பாள். ஆர்ச்சி கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி வரமாட்டான். கல்நெஞ்சன் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

வேலையாட்கள் வடக்குச் சுவருக்கு வந்த அன்று எல்ஸ்பெத் ஆலைக்குப் போகாமல், ஒரு முக்காலியைப் போட்டு அங்கே உட்கார்ந்துவிட்டாள். நானும் இன்னும் சில பெண்களும் துணைக்குப் போனோம்.

மேஸ்திரி கானலி அயர்லாந்துக்காரர். "எந்திரிங்கம்மா, வேலை கெடுது" என்றார்.

"எம் புள்ளைய எடுத்துக் குடு, எந்திரிக்கிறேன்."

"கல்லு இல்லாதத எடுக்க உத்தரவு இல்லம்மா."

"கடல் தாண்டி வந்து எங்க ஊரு மண்ணத் தோண்டுறியே, அதுக்கு மட்டும் உத்தரவு இருக்காக்கும்?" என்றேன் நான்.

"வயித்துக்கு எதுக்கு தாயி உத்தரவு?" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கானலி எல்ஸ்பெத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "சரி, எடத்தக் காட்டுங்க. நானே தோண்டுறேன். கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

தோண்டினார். கொஞ்சம் ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே துழாவினார். ஒன்றுமில்லை. தள்ளித் தோண்டினார். அங்கும் ஒன்றுமில்லை.

யாரோ சொல்லி ஆர்ச்சி ஓடிவந்தான். தலையெல்லாம் சணல் தூசி.

"நிறுத்துங்க! அவன் அங்க இல்ல."

"எங்க?" என்றாள் எல்ஸ்பெத்.

"எங்கம்மாகூட வச்சேன். அம்மா போய் ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சு. அவனத் தனியா விட மனசு வரல."

அந்த மாமியார் எல்ஸ்பெத்தைத் தன் வாசல்படி மிதிக்க விட்டதில்லை. 'டண்டீ சாக்கடை' என்பதுதான் நகரத்திலிருந்து வந்த மருமகளுக்கு அவள் வைத்த பெயர்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்றான் ஆர்ச்சி.

"விட்டிருக்கமாட்டேன்!" என்று கத்தியவள் அவன் மார்பில் குத்தினாள். "இத்தன வருஷமா வெறுஞ்சுவத்துகிட்டப் பேசவிட்டுட்டியேடா, பாவி!" அவன் தடுக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

கானலி மெல்லக் கேட்டார்: "உங்கம்மா பேரு?"

"கிரிசல் டோ."

"போன வாரம் நாந்தான் எடுத்தேன். பெரிய பெட்டிக்கு மேல சின்னதா ஒண்ணு இருந்துச்சு. அந்தம்மா பெத்ததுன்னு நெனச்சு, புது எடத்துலயும் ஒண்ணாவே வச்சேன். பத்திரமா இருக்காங்கம்மா."

அடுத்த ஞாயிறு எல்ஸ்பெத், ஆர்ச்சி, நான் மூவருமாக மலையேறினோம். மாமியாரின் கல்லுக்கு முன்னால் எல்ஸ்பெத் வெகுநேரம் நின்றாள். ஏதாவது சுடச்சுடச் சொல்வாள் என்று பார்த்தேன். அவளோ குனிந்து, கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கையுறையால் துடைத்தாள்.

இறங்கும்போதுதான் கேட்டாள்: "ஆர்ச்சி, அவன் யார மாதிரி இருந்தான்?"

"முடி செம்பட்டை. உன்ன மாதிரி. விரல்தான் நீளநீளமா…" என்று அவன் ஆரம்பித்தான். நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் பின்தங்கிக்கொண்டேன்.