துவைக்காத நீலச் சட்டை

கண்ணாடிக்காரருக்குப் பூனைகளைக் கண்டால் ஆகாது என்று யாராவது சொன்னால், அது அபாண்டம். உலகத்தில் எந்தப் பூனையோடும் அவருக்குப் பகை கிடையாது, வீட்டில் இருந்த இந்த இரண்டைத் தவிர. ஒன்று ராங்கி, இன்னொன்று குண்டு. இரண்டும் மனைவியின் செல்லங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வந்தவைதான். அவை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அவர்தான் நேற்று வந்தவர்.

மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்தில் இவரும் போய்ச் சேருவதாகப் பேச்சு. இவருடைய விசா ஐந்தே மாதத்தில் வந்துவிட்டது. பூனைகளின் காகிதங்கள்தான் வரவில்லை. தோலுக்கடியில் சிப் வைத்து, தடுப்பூசி போட்டு, ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

"நான் முதல்ல வந்துடறேனே. இதுங்களை அப்புறமா யாராவது..." என்று இழுத்துப் பார்த்தார்.

"நீங்க இல்லாம இதுங்க எப்படிங்க வரும்?" என்றாள் அவள்.

அந்த ஒரு கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஆக, அவள் கூப்பிடுவது புருஷனை அல்ல. பூனைகளுக்கு ஒரு துணையாளை. தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் இதையே நினைத்து நினைத்து வயிறெரிந்தார். நம்மை எதிர்பார்த்து அங்கே யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் எப்படி விமானம் ஏறுவது?

தினமும் அவர் கடை திறக்கப் போகும் முன் வீடியோவில் பேசுவாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எங்க அதுங்க? காட்டுங்க" என்பாள். குண்டு அவர் வயிற்றின்மேல் படுத்திருக்கும். ராங்கி தோளோடு ஒட்டிக்கொண்டு சோபாவின் முதுகில் கிடக்கும். கண்ணாடிக்காரர் வீம்புக்குக் கேமராவைத் திருப்பிப் பூனைகளை மட்டும் காட்டுவார். பார், கண்குளிரப் பார்! அங்கே அவள் "என் ராசா, என் தங்கம்" என்று கொஞ்சுவது கேட்கும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவரை ஒருமுறையாவது ராசா என்றிருப்பாளா? அவருக்குக் காதில் புகை வராத குறை.

காகிதமெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்ததும் கால்நடை டாக்டர் அவளிடமே போனில் விவரம் சொன்னார். மயக்க மருந்து கூடாது. மூன்று வாரம் கூண்டுக்குள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்க வேண்டும். கூண்டில், அதுகளுக்குப் பிரியமானவர் உடுத்திய, துவைக்காத துணியை விரிக்க வேண்டும். வாசனை இருந்தால் பயப்படாது.

உடனே மனைவி இவரைக் கூப்பிட்டாள். "கிளம்பறதுக்கு முந்தின நாள் போட்டிருந்தேனே, ஒரு நீலச் சட்டை? துவைக்காம அலமாரியில போட்டுட்டு வந்தேன். அதை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி விரிச்சுடுங்க."

நீலச் சட்டை அலமாரியில் இல்லை. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அவிழ்த்து ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி கட்டிவிடுவார். அதற்குமேல் இழுத்தால் வாசனை தீர்ந்துவிடும் என்று பயம்.

கத்தரிக்கோலை எடுத்தார். குண்டு வந்து காலடியில் உட்கார்ந்து, தன் பங்குக்குக் காத்திருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தது.

"போடா! எல்லாம்தான் உனக்குன்னு ஆயிடுச்சே, இதுவுமா?" என்று எரிந்து விழுந்தார்.

தம்முடைய பழைய பனியன்கள் இரண்டை அழுக்குத் துணிக் கூடையிலிருந்து எடுத்து, கூண்டுக்கு ஒன்றாக விரித்தார். ஒன்றில் அக்குளருகே ஓட்டை. சட்டை அவருடைய கைப்பைக்குள் போனது. மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

பதினான்கு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, இறங்கிய ஊரில் விலங்குகளைச் சோதிக்கும் அறைக்குக் கண்ணாடிக்காரர் போனபோது, மனைவி முன்னமே உள்ளே இருந்தாள். காகிதங்கள் அவள் பெயரில். கையெழுத்துப் போட வந்திருந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கூண்டுகளின் முன் மண்டியிட்டுவிட்டாள். பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவருக்கு, அப்படியே அடுத்த விமானத்தில் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

"ராசா... நான்தான்டா, அம்மா."

ராங்கி முதுகைத் திருப்பிக்கொண்டது. குண்டு மூலையில் பதுங்கியது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், இரண்டும் கத்திக்கொண்டு கம்பியருகே ஓடிவந்து அவர் பக்கம் கையை நீட்டின.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கூண்டுக்குள் கைவிட்டு விரிப்பை இழுத்தாள். ஓட்டைப் பனியன் வந்தது.

"என் சட்டை எங்க?"

கண்ணாடிக்காரர் கைப்பையைத் திறந்து, கட்டு அவிழ்க்காத கவரை நீட்டினார். "கிழிக்க மனசு வரல. இதுங்களுக்குக் குடுக்கவும் மனசு வரல. நீ என்னைக் கூப்பிட்டதே இதுங்களைக் கொண்டுவரத்தானேன்னு..."

கவரை வாங்கிய அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பூனையைக் காட்டுங்கன்னு எதுக்குக் கேட்டேன்? அதுங்க எப்பவும் உங்கமேலதானே கிடக்கும். போனைத் தள்ளிப் பிடிச்சா நீங்க முழுசாத் தெரிவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா கேமராவைத் திருப்பிட்டு மறைஞ்சுக்குவீங்க. ஒரு ஓரத்துல உங்க கை மட்டும் தெரியும், அதுங்களைத் தடவிக்கிட்டு. ஒரு வருஷமா அந்தக் கையைப் பாத்துப் பாத்து எனக்கு எரிஞ்ச எரிச்சல் இருக்கே..."

சோதனை அதிகாரி கூண்டுகளைப் பூட்ட வந்தார். விரிப்பைத் திரும்பப் போடும்படி சைகை காட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அது பூராவும் பூனைமுடி" என்றார் கண்ணாடிக்காரர் கூச்சத்தோடு.

"இருக்கட்டும்" என்று பனியனை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "இதுங்க அனுபவிச்சது போதும்."