சுற்று முடியும்வரை

மலையில் வெளிச்சம் படியுமுன்னே புதூர்நாட்டுப் புளி ஆலை உறுமத் தொடங்கிவிடும். கொட்டையெடுத்த புளியை ஈஸ்வரி அச்சுக்குழியில் திணிப்பாள். இரும்புக்கட்டை இறங்கி இடிக்கும், ஏறும், மறுபடி இடிக்கும். புளிச்சாறு நகக்கண்ணில் ஏறி எரியும். எரிகிற கையோடுதான் அடுத்த உருண்டை.

அன்று பக்கத்து மிஷினில் அவள் தங்கை செந்தாமரையின் கை மாட்டிக்கொண்டது. ஈஸ்வரி பாய்ந்து சிவப்புப் பட்டனை அறைந்தாள். மிஷின் நிற்கவில்லை. செந்தாமரை அலற அலற, தன் சுற்றை முழுதாக இடித்து முடித்துவிட்டுத்தான் நின்றது. ஜீப்பில் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வலக்கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"கவனமில்லாத ஜென்மங்க! பட்டன் இருக்குது இல்ல? அழுத்த வேண்டியதுதானே?" என்றான் முதலாளி பஞ்சாட்சரம்.

ஈஸ்வரி அவன் கையையே பார்த்தாள். இதே கட்டைக்கடியில் அவன் கை நசுங்கவேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியலில் மிஷின் பராமரிக்கும் தமிழ்மணி பெண்களிடம் வந்தான். முகம் செத்திருந்தது.

"யக்கா, இந்த மிஷின ஓட்டுற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புல நான் இன்டரப்ட் வெச்சிருந்தேன். பட்டன அழுத்துனா, செய்ற வேலைய அப்டியே வுட்டுட்டு நின்னுடும். பாதில நின்னா புளி வீணாவுதுன்னு அத்த எடுக்கச் சொன்னாரு மொதலாளி. நான் மாட்டேன்னேன். எனக்குத் தெரியாம வெளியாள வெச்சி எல்லா மிஷின்லயும் எடுத்துக்கீறாரு. இப்ப பெட்டியத் தொறந்து பாத்தப்பதான் தெரிஞ்சிது. திரும்பத் திரும்ப ஓடுற லூப்பு ஒரு சுத்து முடிஞ்ச பொறவுதான் பட்டன் பக்கமே திரும்புது."

அதற்குள் பஞ்சாட்சரம் வந்துவிட்டான். "இன்னா கூட்டம்? மிஷினப் போடுங்க!"

ஈஸ்வரி போட்டாள். போட்ட கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மூட்டை தூக்கிப் பழகிய பிடி. குழியை நோக்கி இழுத்தாள்.

"கைய உள்ள வெய்யி. நான் பட்டன அழுத்துறேன். நிக்குதான்னு பாப்போம்."

"ஐயோ, வுடுடி! அது நிக்காதுடி!"

அவன் வாயாலேயே வந்துவிட்டது. எல்லோரும் கேட்டார்கள். ஈஸ்வரி விடவில்லை. அவன் விரல்களுக்கும் இரும்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பெண்களில் மூத்தவளான மாதம்மாள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"இவன் கை போனா நீ ஜெயிலுக்குப் போவ. நாளைக்கி இன்னொருத்தி கை இதே குழில போவும். வுடு."

"என் தங்கச்சி கையி, யக்கா..."

"நம்ம எல்லாரோட கையிடி அது."

ஈஸ்வரி அவன் மணிக்கட்டை விட்டாள். ஆத்திரத்தை விடவில்லை. மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தமிழ்மணியும் வந்து உட்கார்ந்தான்.

"பட்டன் தொட்டதும் நிக்கணும். செந்தாமரைக்கி வைத்தியமும் வேலையும் குடுக்கணும். நிக்காதுன்னு இப்ப சொன்னத போலீஸ்லயும் சொல்லணும். அதுவரைக்கும் மிஷின் ஓடாது" என்றாள் ஈஸ்வரி.

"வேற ஊரு ஆளுங்கள எறக்குறேன் பாரு!"

சொன்னபடியே மதியத்தில் ஒரு ஜீப் நிறையப் பெண்கள் வந்தார்கள். ஈஸ்வரி வாசலை மறித்து நடந்ததைச் சொன்னாள். முன்சீட்டில் இருந்த வெள்ளையம்மாள் என்பவள் ஆலைக்குள் எட்டிப்பார்த்தாள். மிஷின் மேல் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

"வேலைன்னுதான் கூப்ட்டான். இத்த சொல்லலியே, பாவி" என்று இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

பஞ்சாட்சரம் போனில் யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். ஈஸ்வரி மறுபடி மிஷின் முன்னால் போய், ஒதுங்கி உட்கார்ந்து, வந்தவர்களுக்கு இடம்விட்டாள்.