ஐந்தாம் கம்பி

...அண்ணன் இன்னும் வரவில்லை, ஆனால் மூன்றரைதானே, பூசை ஐந்துக்கு, பாலத்து ஆமிச் சென்றியில் மறித்தால் ஒரு மணித்தியாலம் போகும், அதுதான், வேறொன்றுமில்லை என்று நினைத்தபடி றோஸ்மேரி கோயில் வாங்கில் அமர்ந்து விரல்களைப் படிக்கட்டுப்போல வைத்தாள், கிற்றாரின் மெல்லிய நாலு கம்பிகளில் சீ, ஈ, ஜீ, பீ என்று நாலு சுரம். ஏ மைனர் நைன்த் கோட். இதில் ஏ எங்கே என்று முதல்நாள் கேட்டதற்கு அண்ணன் டொமினிக் சிரித்தான். "அடிச்சுரத்தை எனக்கு விடு. எல்லாத்தையும் நீயே அமத்தினா நான் என்ன, மெழுகுதிரி பிடிக்கிறதா?" அன்றிலிருந்து ஏ அவனுடையது. அவன் தன் கிற்றாரின் தடித்த கம்பியில் அதை மீட்ட, இவள் மேலே ஈயை அடியில் வைத்து, ஜீயை அடியில் வைத்து, அவன் இன்வேர்ஷன் என்பானே, எப்படிப் புரட்டினாலும் அது துக்கமாகவே நின்றது, வாவிக்கு மேலே மழை இருட்டுவதுபோல... இப்போது அடித்துப் பார்த்தாள். துக்கம் இல்லை. இனிப்பாக, கலியாண வீட்டுப் பாட்டுப்போல. விரல் பிசகிவிட்டதா? ஒவ்வொன்றாக மீட்டினாள், எல்லாம் சரி. அடியில் ஏ இல்லாவிட்டால் இது மைனரே இல்லை, வெறும் சீ மேஜர் செவன்த். இவ்வளவு நாளும் தான் வாசித்தது இதைத்தானா?

"நல்லாயிருக்கே கா, டொமினிக் இல்லாமலே" என்றாள் பாடற்குழுப் பீற்றிஸ், பகிடியாக. மறுகா குரலைத் தாழ்த்தி, "பாலத்தில ஆறேழு பேரை இறக்கி வச்சிருக்காங்களாம்." றோஸ்மேரி சுவரில் சாய்ந்திருந்த அவன் கிற்றாரைப் பார்த்தாள், பார்க்காமலிருந்திருக்கலாம், தலைப்பக்கக் கம்பிகளுக்குள் அவனுடைய அடையாள அட்டை. கிற்றார் இல்லாமல் எங்கும் போகாதவன், மறக்காதென்று அங்கேதான் செருகி வைப்பான். நேற்றுச் சென்றியில் பைலாப் பாட்டு வாசிக்கச் சொல்லி ஆடவும் வைத்தார்களாம், அதனால்தான் இன்றைக்குக் கிற்றாரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, பாலத்துக்கு அங்கால் கல்லடியில் ஜெயராஜா வீட்டில் கிடக்கும் பாட்டுக்கொப்பியை எடுக்கச் சைக்கிளில் போனான், பதினொரு மணிக்கு... அட்டையைக் கொண்டு ஓடலாம். இன்னும் யாரும் கேட்காமல் விட்டிருந்தால்? இவனிடம் அட்டை இல்லையென்று நானே போய்ச் சொன்னதாகிவிடாதா? "அவன் வரும்வரைக்கும் அடியையும் நீயே வாசியன் புள்ள, தொடங்குவம்" என்றாள் பீற்றிஸ். ஐந்தாம் கம்பி. அமத்தக்கூட வேண்டியதில்லை, வெறுங்கம்பியே ஏ, பெருவிரலை இறக்கினால் போதும், எப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறது, அவனுக்கென்று தொடாமல் விட்டிருந்தாள். பெருவிரல் கம்பிக்கு மேலே நின்றது. பிழையாக ஒலிக்கும் என்று பயமில்லை. அவன் இல்லாமலே சரியாக ஒலித்துவிட்டால்?