ராசையா கனம் சொன்ன நாள்

ராயபுரம் கிடங்குத் தெருவில் சூரியனுக்கு முன்னால் எழுந்திருப்பவை மீசைகள். இருட்டிலேயே எண்ணெய் தடவி, நுனியை முறுக்கி, அவரவர் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவை தங்கப்பாண்டி முதலாளியின் தானியக் கிடங்குக்கு வந்து சேரும். அவற்றுள் ராசையாவின் மீசை தெருவையே அடைத்துக்கொண்டு வரும். எதிரே மாட்டு வண்டி வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

அந்த மீசைக்குச் சோறு போடுகிறவள் அவன் மனைவி சிலுவையம்மாள். அவளுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. கப்பலில் வந்த கோதுமையைக் கோணியில் நிரப்பி, கோணி ஊசியும் சணலுமாகப் பெண்கள் வாசலோரம் வரிசையாகக் குந்தி மூட்டையின் வாயைத் தைப்பார்கள். தைத்த மூட்டையை ஆண்கள் ஒற்றை ஆளாய் முதுகில் ஏற்றி, சாய்த்து வைத்த பலகை வழியே மேலே ஏறி, கூரை முட்ட அடுக்குவார்கள். பலகை முனகும். கோதுமைத் தூசி தொண்டையில் ஈரமாவாகப் பிசுபிசுக்கும். கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைக்கும். பலகை முனகலாம். ஆண்பிள்ளை முனகக் கூடாது.

ஏனென்றால் அங்கே ஆண்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எந்தச் சர்க்காரும் போடத் துணியாத சட்டம். ‘மூட்டை கனமாக இருக்கிறது’ என்று எவன் வாயைத் திறந்து சொல்கிறானோ, அவன் பொழுது சாயும்வரை பெண்கள் வரிசையில் குந்திச் சாக்குத் தைக்க வேண்டும். போன மழைக்காலத்தில் மதார் சாகிப் இடுப்புப் பிடித்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் அவன் தலையில் முக்காடு போட்டு, காதில் பூச்செருகி, குலவையிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தான் ஆண்பிள்ளைதான் என்று ருசுப்படுத்த அவனுக்குக் கைக்கெட்டியது அவன் மனைவி ரஹீமுன்னிசா ஒருத்திதான். மறுநாள் அவள் வீங்கிய கண்ணோடு வந்து தைத்தாள். ஊசி ஏறிய வேகத்தில் கோணிக்கே வலித்திருக்கும்.

முதலாளி தங்கப்பாண்டிக்கு மீசை கிடையாது. அவருக்குத் தேவைப்படவில்லை. அத்தனை மீசைகள் அவருக்காக உழைத்துக்கொண்டிருந்தன.

அந்த வருஷம் அவர் புதுக் கோணி இறக்கினார். பழையதைவிட ஒரு சாண் நீளம். கூலி மட்டும் மூட்டைக்கு அதே பழைய கூலி. தைக்கிற கைக்குத் தெரியாதா? முதல் நாளே சிலுவையம்மாள் புருஷனை ஓரமாக இழுத்தாள்.

“யோவ், கோணி பெருசா கீது. ரெண்டு மூட்டை கோதுமைய ஒண்ணுல அடைக்கிறாரு. போய்க் கேளு.”

“இன்னா கேக்கறது? கனமா கீதுன்னா? அப்பால எனக்கும் ஒரு ஊசி எடுத்து வச்சிடு.”

முதலாளியே சிரித்துக்கொண்டு வந்தார். “என்ன ராசையா, மூட்டை கனக்குதோ? கனக்குதுன்னா ஒரு வார்த்தை சொல்லுலே. இப்பவே பழைய கோணியப் போட்டுருதேன்.”

ஒரே ஒரு வார்த்தை. ஓசியில் கிடைத்தது. ராசையா மீசையைத் தடவினான்.

“பஞ்சு மூட்டைன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன் மொதலாளி!”

“அதானே! எங்க ஆளுன்னா ஆளு!”

மீசைகள் எல்லாம் பெருமையில் அரை அங்குலம் நீண்டன. அடுத்து வந்த கோணி இன்னும் ஒரு சாண் நீண்டது.

“முந்தானை கட்டினவ ஒருத்தி சொல்லிட்டா போதும், காது அடைச்சிக்கும் இவனுங்களுக்கு” என்றாள் ரஹீமுன்னிசா. “முதுகு ஒடைஞ்சா கூட, மீசைய நிமித்தி வச்சிட்டுத்தான் சாவானுங்க.”

கிடங்கின் சட்டம் கிடங்கோடு நின்றிருந்தால் சிலுவையம்மாள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அது தினமும் ராசையாவின் தோளேறி வீட்டுக்கும் வந்தது. அவர்களுடைய ஏழு வயது மகன் மிக்கேல் ஒருநாள் சுவரிலிருந்து விழுந்து அழுதான். ராசையா பக்கத்து வீட்டு ஜெரினாவின் பாவாடையை வாங்கி அவனுக்குக் கட்டித் தெருவில் நிறுத்தினான். “ஆம்பளப் புள்ளைக்கு வலிக்காதுடா. வலிச்சா நீ பொட்டச்சி.” தெரு சிரித்தது. அன்றோடு மிக்கேல் அழுகையை நிறுத்திவிட்டான். எங்கள் சிங்கக்குட்டி என்று தகப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சிங்கக்குட்டி ஒருநாள் பாயைவிட்டு எழவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. சிலுவையம்மாள் போர்வையை விலக்கினாள். வலது கால் பரங்கிக்காயாய் வீங்கியிருந்தது. உள்ளங்காலில், கப்பல் சாமான் பெட்டியின் துருப்பிடித்த ஆணி ஏறிய கறுப்புத் துளை. ஏறி எத்தனையோ நாளாகியிருந்தது. பிள்ளை அதைப் பற்றி யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக அழுத்தினாள்.

“இங்கே வலிக்குதா கண்ணு?”

“இல்ல.”

“இங்கே?”

“இல்ல.” உதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. கண் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். “சீழ் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு இவன் சொன்னாத்தான் தெரியும். சொல்லலேன்னா நான் குத்துமதிப்பாத்தான் கீறணும். குறைச்சுக் கீறினா விஷம் தங்கிடும். அப்புறம் காலையே எடுக்கும்படி ஆயிடலாம்.”

“சொல்லுடா மிக்கேலு!” ராசையா அதட்டினான். “வலிச்சா சொல்லுடா!”

“வலிக்கல நைனா.”

சிலுவையம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். மகனுக்காக வைத்திருந்த அழுகை அவளிடம் வெறுப்பாகத் திரண்டிருந்தது.

“அவன் டாக்டரம்மாவுக்கா பதில் சொல்றான்? ஒனக்குச் சொல்றான். நீ மொதல்ல சொல்லுய்யா.”

“நான் இன்னாத்த சொல்றது?”

அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கினாள். தோளிலிருந்து இடுப்புவரை தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, கருவாடாய்க் கிடந்தது முதுகு. தினமும் ராத்திரி அவன் குப்புறப் படுத்துப் பல்லைக் கடிப்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பதும் அவள் வேலைகளில் ஒன்று.

“பாருடா மிக்கேலு, ஒங்க நைனா முதுக.”

எத்தனையோ மூட்டைகளை ஏற்றிய மனிதனுக்கு இரண்டு சொற்களை இறக்க முடியவில்லை. மீசை நுனி முதல்முறையாகத் தொய்ந்தது.

“வலிக்குதுடா” என்றான். “தெனம் வலிக்குது. மூட்டை... கனமா கீதுடா கண்ணு.”

மிக்கேல் தகப்பனை உற்றுப் பார்த்தான். பிறகு வார்டே அதிரும்படி ஒரு கத்து கத்தினான். “வலிக்குது நைனா! அங்க இல்ல, இங்க! இங்க!” அந்தக் கத்தலுக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பதில் ஊதின என்பார்கள். டாக்டரம்மாவின் கத்தி கணுக்காலுக்கு மேல் நான்கு விரலோடு நின்றது. கால் பிழைத்தது.

மிக்கேல் வீடு திரும்பிய மறுநாள் விடியலில் ராசையா முதல் மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகைவரை போனான். அங்கே நின்றான். திரும்பினான். முதலாளி நின்ற இடத்துக்கு நேரே வந்து மூட்டையைத் தொப்பென்று போட்டான்.

“கனமா கீது.”

கிடங்குக் கூரையில் புறாக்கள்கூடப் பேச்சை நிறுத்தின. பழக்க தோஷத்தில் எவனோ ஒருவன் குலவையிடத் தொடங்கினான். அது பாதியில் செத்தது. ராசையா சட்டப்படி நடந்துபோய்ப் பெண்கள் வரிசையில், சிலுவையம்மாளுக்குப் பக்கத்தில் குந்தினான். ஊசிக்குக் கை நீட்டினான்.

“ஒனக்குத் தைக்க வராது. கம்னு குந்து” என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தன் ஊசியையும் கீழே வைத்தாள். வரிசை நெடுக ஊசிகள் கீழே இறங்கின.

“என்னலே இது கூத்து? சரக்கேத்த லாரி வாசல்ல நிக்குல்லா?” என்றார் முதலாளி.

“அன்னிக்கே சொன்னேன், கனமா கீதுன்னு” என்று மதார் சாகிப் மூட்டையைப் போட்டான். வரிசைக்கு வந்து ரஹீமுன்னிசா பக்கத்தில் குந்தப் போனான்.

“தள்ளிப் போய் அந்தக் கோடியில குந்து. ஒனக்கும் எனக்கும் வேற கணக்கு கீது” என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கோடிக்குப் போனான்.

பிறகு அரும்பு மீசை மஜீது. “எனக்கும்தான் மாமு. பேஜாராப் போச்சி.” பிறகு இன்னொருவன், இன்னொருவன். ஒவ்வொருவனும் அந்தச் சொல்லை, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைத் துப்புவது போலத் துப்பினான். துப்பியபின் எல்லா முகத்திலும் ஒரே ஆச்சரியம்: வானம் இடிந்து விழவில்லை. கிடங்கில் மூட்டை தூக்க ஓர் ஆண்பிள்ளை மிச்சமில்லை.

“நீங்கல்லாம் ஆம்பளைங்களாலே? பொம்பளைங்களோட குத்தவச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

ராசையாவின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது. சிலுவையம்மாள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“ஆம்பளையா இல்லியான்னு அப்பால பாத்துக்கலாம் மொதலாளி. நீ பழைய கோணிய எடுத்துகினு வா.”

“அது நடக்காதுடி! நாளைக்கே பெரம்பூர்லேருந்து வேற ஆளு இறக்குதேன். அவனுவ தூக்குவானுவ!”

தூக்கினாலும் தூக்குவார்கள். பெரம்பூரிலும் மீசைகளுக்குப் பஞ்சமில்லை. வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

“இறக்கு மொதலாளி” என்றாள் ரஹீமுன்னிசா. “அவங்களுக்கும்தான் முதுகு கீது.” சொல்லிக்கொண்டே புடவையை இழுத்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆள் குந்தும் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.