மூன்றாவது மடிப்பு

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தின் மேற்பார்வைக்காரியிடம் ஒரு கதை இருந்தது. யாராவது வேலைக்குச் சலித்துக்கொண்டால் போதும், அதை எடுத்து விடுவாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ரயில்வே பிளாட்பாரத்தில் அவளுடைய பையின் வார் அறுந்துபோயிற்று. பெரிய மூட்டையோடு நின்றிருந்த ஒரு மனிதன், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன், கேட்காமலே பக்கத்தில் குந்தி, ஊசியும் தடித்த நூலும் எடுத்துப் பத்தே நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தான். காசு நீட்டினாள், தலையாட்டி மறுத்துவிட்டான். அந்த வார் இன்றுவரை அசையவில்லை.

"அவங்க உடம்பே வேற உடம்பு. களைப்புன்னா என்னன்னு தெரியாது" என்று கதையை முடிப்பாள்.

வீட்டில் இது எடுபடாது. அவள் கணவரை அட்டைப்பெட்டிக் கம்பெனி போன வருஷம்தான் நிறுத்தியது. அவர் இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு வெளிநாட்டு ஆட்கள்.

"பிளாட்பாரக் கதையா? சொல்லு, நூத்திப் பதினேழாவது தடவை" என்பார். "உன் ஆளுங்க என் வயித்துல அடிச்ச கதையை யாரு சொல்றது?"

"அவங்க மணிக்கொரு தடவை டீ குடிக்கப் போறதில்லைங்க. அதான் வச்சுக்கிட்டாங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கும் தோன்றும். ஆனால் ஜெயித்தது இனிக்கும்.

கூடத்துக்குப் புதிதாக வந்தவளும் வெளிநாட்டுக்காரிதான். அவள் சுற்றிச் சுழன்று வேலை செய்வதைப் பார்த்து மற்றப் பெண்கள் காத்தாடி என்று பெயர் வைத்தார்கள். வந்து இரண்டு மாதம். மூன்று மாதம் முடியும்வரை, பாதி வேலையில் வீட்டுக்குப் போனவர்களை வேலையிலிருந்தே நிறுத்திவிடலாம் என்று விதி. ஆனால் போகச் சொல்லிவிட்டு, வருகைத்தாளில் எழுதாமல் விடுவது மேற்பார்வைக்காரி கையில் இருந்தது. மற்றவர்களுக்குப் பல தடவை அப்படிச் செய்திருக்கிறாள்.

அங்கே படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. இஸ்திரி உருளையிலிருந்து விரிப்பு ஆவி பறக்க வரும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி கையிலிருந்ததை மற்றவள் கையில் சேர்க்க வேண்டும். முதல் மடிப்பில் துணி கொதிக்கும்; இரண்டாவதில் வெதுவெதுக்கும்; மூன்றாவதில் ஆறிப்போயிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எத்தனையாவது மடிப்பு என்று கை சொல்லிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓர் ஆள் குறைந்தது. மேற்பார்வைக்காரியே மடிக்க இறங்கினாள். எதிரே காத்தாடி. நாலைந்து விரிப்பு ஆனதும், இங்கே கற்றுக்கொண்ட கொஞ்சம் பேச்சில் அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, இன்னைக்கு நான் வீட்டுக்குப் போகட்டா?"

"நீயா? காத்தாடிக்குக்கூட ஓய்வு வேணுமா?" என்று மேற்பார்வைக்காரி சிரித்தாள். "இவளுங்க கேட்டா சரி. நீ இவளுங்களைக் கெடுக்காம இருந்தா போதும்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். காத்தாடியும் சிரித்தாள். அடுத்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்தாள். பொழுது சாயும்வரை மடித்தாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. 'இவளுக்கும் நம்ம ஊர்க் காத்து பட்டுடுச்சு' என்று நினைத்துக்கொண்டே மேற்பார்வைக்காரி பட்டியலில் அவள் வரியை அடித்தாள். ஏமாற்றியது காத்தாடி அல்ல, அந்தப் பிளாட்பாரத்து மனிதனே என்பதுபோல ஒரு கோபம்.

சனிக்கிழமை காலை, முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாசலில் நின்றாள். காத்தாடியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவளாம். கையில் துவைத்து மடித்த சீருடை.

"இதைத் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லுவா. அதான் கொண்டாந்தேன்."

"ஏன், அவளுக்கு வரத் தெரியாதா?"

"நேத்து இறந்துட்டா அக்கா. காய்ச்சல். திங்கக்கிழமையே இருந்துச்சு, மறுநாள் வேலைக்குப் போகாதேன்னேன். மேற்பார்வை அக்கா நல்லவங்க, கேட்டா விட்டுடுவாங்கன்னு சொல்லிட்டு வந்தா."

வந்தவளுக்கு எதிரே நிற்பது யாரென்று தெரியாது. சீருடையை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

விரிப்பு கைமாறும்போது பட்ட சூட்டைத் துணியின் சூடு என்றுதான் செவ்வாய்க்கிழமை மேற்பார்வைக்காரி நினைத்தாள். இத்தனை நாளும் அப்படித்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் இருபது வருஷம் மடித்த கை அது. மூன்றாவது மடிப்பில் துணி ஆறியிருந்தது. காத்தாடியின் விரல்கள் ஆறவில்லை. அடுத்த விரிப்பிலும் ஆறவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. அவள்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் என்னவென்று கேட்டார். சொன்னாள். உன் ஆளுங்க என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தாள். அப்படி ஆரம்பித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?" என்றார்.

"தெரியலைங்க."

"ஊர்ல குழந்தை குட்டி ஏதும் உண்டா?"

"தெரியலை."

"ரெண்டு மாசம் உன் பக்கத்துல நின்னிருக்கா" என்றார் அவர். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது.

நாற்காலியின் கைப்பிடியில் மாட்டியிருந்த பையை அவள் பார்த்தாள். வாரின் தையலை விரலால் தடவினாள். அதே தடித்த நூல்.

"பிளாட்பாரக் கதையில மீதி ஒண்ணு இருக்குங்க. உங்ககிட்ட சொன்னதே இல்லை."

அவர் கேலி செய்யவில்லை. சொல்லு என்று நிமிர்ந்து பார்த்தார்.

"தச்சு முடிச்சுட்டு அந்த ஆளு, கொஞ்சம் உக்காரட்டுமான்னு கேட்டான். காலு நடுங்கிக்கிட்டிருந்துச்சு. எனக்குப் பக்கத்துல பெஞ்சுல இடம் இருந்துச்சு. பையை வச்சிருந்தேன்."

"இந்தப் பையா?"

"இதேதான். நான் எடுக்கலைங்க."