கூட ஒன்று இருக்கட்டும்

…கூட ஒன்று இருக்கட்டும் என்றுதானே கேட்டேன், பழையதை விற்க வந்தவன் இல்லையே நான், எடுத்த எடுப்பிலேயே கடைக்காரரிடம் சொல்லியாயிற்று, தோளில் தொங்கும் பிலிம் கேமராவை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சொன்னேன், சட்டைப் பையில் போடுகிற மாதிரி சின்னதாக ஒரு டிஜிட்டல், வேலைக்குப் போகிற வழியில் சட்டென்று எடுக்க, அவ்வளவுதான்... அவ்வளவுதானா? கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார், எல்லாம் யாரோ வைத்திருந்து கொடுத்தவை, ஓரம் தேய்ந்தவை, "பிலிம் ஆளுங்க எல்லாரும் கடைசியில இங்கதாண்ணே வருவாங்க, வீட்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணு" என்கிறார், முக்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, "வெளியில ஒண்ணு வச்சிக்கட்டும், அப்புறம் இருக்கு இவருக்கு" என்கிறாள், அவர் சிரிக்க நானும் சிரிக்கிறேன். கடை ஒரு ரயில் பெட்டியின் அகலம்கூட இல்லை, அவள் முழங்கால் என் காலில் இடிக்கிறது, வாசலை அவள் முதுகு அடைத்திருக்கிறது, இவளை எதற்குக் கூட்டி வந்தேன், இல்லை, நான் கூப்பிடவே இல்லை, நானும் வரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், பஸ் நம்பரைச் சொன்னாள், கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், பூட்டுக் கடை, தையல் கடை, பல் டாக்டர்... என்ன உற்சாகமோ.

ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்தால் நெற்றியில் இடிக்கிறது, பார்க்கிற ஓட்டையே இல்லை. "அது கிடையாதுண்ணே, பின்னால திரையைப் பார்த்து எடுக்கணும், மத்ததெல்லாம் அதுவே பார்த்துக்கும்." அதுவே பார்த்துக்கும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்கு எங்கே தெரியும். என் பழைய கேமராவில் எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும், பார்க்கும் ஓட்டையின் நடுவில் சின்னதாக ஒரு கட்டம், அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவான், லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும், ஒன்றானதும் அமுக்கினால் படம் தெளிவு... இப்போதெல்லாம் ஒன்றாகவே மாட்டேன் என்கிறது. கடைசியாகக் கழுவிய ரோல்கள் அத்தனையும் மங்கல். ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன், கோளாறு ஒன்றும் இல்லை என்றார், லென்ஸைத் துடைத்தேன், துணியை மாற்றித் துடைத்தேன், மறுபடி கொண்டுபோனேன், இந்த முறை அவர் கேமராவைத் திறக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அந்தத் தெருப் பக்கமே அப்புறம் நான் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் விதவிதமாக மாட்டிப் பார்த்துவிட்டு, இது கண்ணாடியில சரியாகாது, பெரிய டாக்டரைப் பாருங்க என்றார்கள், அங்கேயும் போகவில்லை. வலது கண்ணில் யாரோ எண்ணெய்க் கட்டைவிரலை வைத்து எடுத்த மாதிரி ஒரு கறை, ஓரமெல்லாம் சுத்தம், நடுவில்தான், எதைப் பார்க்க வேண்டுமோ சரியாக அதன் மேல். இடது கண்ணிலும் இப்போது லேசாக.

கேமராவை வைத்துப் பிழைக்கிறவனாக இருந்தால் படம்தானே, போகட்டும் என்று விடலாம், நான் கிரேன் ஓட்டுகிறவன். கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் ஷிப்ட் முடிகிறவரை இறங்க முடியாது, கீழே இரும்புக் குழாய்க் கட்டுகள், அவற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையால் சைகை காட்டுகிறவன் என் மச்சினன், இவளுடைய கூடப் பிறந்த தம்பி, உடம்பைப் பார்த்துக் கம்பெனியில் வைத்த பெயர் குச்சி. விரலை மடக்கினால் மெதுவாக இறக்கு, கையை விரித்தால் நிறுத்து. மடக்கினானா, விரித்தானா? மஞ்சள் தொப்பி தெரிகிறது, தோள் தெரிகிறது, கை இருக்க வேண்டிய இடத்தில் கறை. வாக்கி டாக்கியில் வாயால் சொல்லுடா என்றேன், "ஏன் மாமா, என் கை அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று கேட்டான், கீழே எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எதற்கெடுத்தாலும் சிரித்துத் தொலைக்கிறேன்... அடுத்த வாரம் கம்பெனியில் எனக்குக் கண் சோதனை. எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு மூன்று பல் சீப்பு மாதிரி கவை கவையாகப் போட்ட அட்டையைக் காட்டுவார்கள், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு இவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், நடுரோட்டில் நின்று பலகையைக் காட்டி "படிங்க" என்பாள், படித்தால்தான் அடுத்த அடி வைப்பாள். போன சோதனையில் நானே கேட்டு வாங்கினேன், எனக்கு எழுத்து அட்டையையே காட்டுங்க, நான் படிப்பேன். என்ன திமிர் அன்றைக்கு. இப்போது எனக்கு முன்னால் சோதனை முடித்து வந்தவனிடம் விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டு அதே அட்டையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அதைச் சமாளித்துவிடலாம், இவளைத்தான்... கழுவி வரும் படங்களையெல்லாம் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள், அப்படியே திரும்ப வைக்கிறாள். இனிமேல் அதுவே பார்த்துக்கும், படம் தெளிவாக வரும், இவளுக்கும் சந்தேகம் வராது.

"அக்காவையே எடுத்துப் பாருங்கண்ணே." கீக் என்றது கேமரா, அவள் முகத்தை அது பிடித்துவிட்டது, நான் பிடிக்காததை, அமுக்கியதும் என் கட்டைவிரல் அடுத்த படத்துக்குப் பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தேடுகிறது, வழுவழுவென்று வெறும் முதுகு. "இன்னும் நாலு எடுங்க, என்ன பிலிமா செலவாகுது?" இன்னொரு கேமராவைக் கொடுத்தார், அதிலும் எடுத்தேன், இரண்டையும் என் முன்னால் சேர்த்து வைத்து, "எது தேவலை, சொல்லுங்க" என்றார். தலையைச் சாய்த்தேன், ஓரக்கண்ணால் பிடிக்கப் பார்த்தேன், புடவை தெரிகிறது, முக்காலியின் கால் தெரிகிறது, முகம் இரண்டிலும் ஒரே மாதிரி, பேசாமல் இருந்தால் தப்பாகிவிடும், வலது பக்கத்தைத் தொட்டு, இதுதான் என்றேன், அழுத்தமாகவே சொன்னேன். "கிண்டல் பண்ணாதீங்கண்ணே! அதுல லென்ஸே போச்சு, வித்தியாசம் தெரியட்டும்னுதான் வச்சேன்" என்று அவர் சிரித்தார், நானும் கிண்டல்தான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மற்றதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, "இதையே எடுத்துக்கங்க" என்று பையின் மேல் ஒரு முறை கையை வைத்து அழுத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம், கேமரா நெஞ்சில் குத்துகிறது, தூரத்தில் பஸ் மாதிரி ஏதோ வருகிறது, "அது நம்மது இல்ல" என்கிறாள், நான் கேட்கவே இல்லை, அடுத்ததும் வருகிறது, "இதுவும் இல்ல, இது ஸ்டேஷன் போறது" என்கிறாள், என்னைப் படிக்கச் சொல்லவில்லையே, எப்போதிலிருந்து இவளே படிக்கிறாள், "படிங்க" என்று கடைசியாகச் சொன்னது எப்போது... யோசித்தால் ஞாபகத்துக்கு வரவில்லை, ரொம்ப நாளாகிறது. "தம்பி நாளையிலருந்து கேட் வேலைக்குப் போறான்" என்கிறாள் ரோட்டைப் பார்த்தபடி. "யார் மாத்தினது?" என்கிறேன். "நான்தான், மேஸ்திரிகிட்ட கேட்டு மாத்திக்கடான்னு சொன்னேன்." ஏன் என்று வாய்வரை வந்துவிட்டது, கேட்டால் இவள் பதில் சொல்லிவிடுவாள், அதனால் கேட்கவில்லை. தம்பியைக் கீழேயிருந்து நகர்த்திவிட்டாள், என்னை மேலேயிருந்து இறங்கச் சொல்லவில்லை, நான் இறங்கினால் வீடு என்னாகும் என்று அவளுக்கும் தெரியும், அவளும் இந்தக் கூண்டில்தான் இருக்கிறாளா, எத்தனை நாளாக... "அப்ப சைகைக்கு?" என்று மட்டும் கேட்டேன். "யாரோ புது ஆளாம்" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, "நம்ம பஸ் வந்திருச்சு, படி பார்த்து ஏறுங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், காலால் படியைத் தேடுகிறேன், அந்தப் புது ஆளுக்கும் ஓர் அக்கா இருப்பாளே, அவளுக்கு யார் சொல்லுவார்கள்...