அர்ஹிப் கண்டுபிடித்த நோய்

ஜாஸ் இசையைத் தடை செய்திருந்த வருடங்களில், லெனின்கிராட்டில் நாங்கள் அதை எலும்பில்தான் கேட்டோம். ஆஸ்பத்திரி குப்பையில் போடும் எக்ஸ்ரே படத்தை வட்டமாக வெட்டி, பாட்டைப் பதிந்து, நடுவில் சிகரெட்டால் ஓட்டை போட்டுத் தெருமுனையில் விற்பார்கள். அப்படி ஒன்றைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்த என்னை, இளைஞர் கண்காணிப்புப் படைத் தலைவன் அர்ஹிப் மறித்தான்.

"என்னடா அது உள்ளே?"

"என் நெஞ்சு எக்ஸ்ரே, தோழரே."

வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

"அடப்பாவி, உனக்குமா? இவ்ளோ பெரிய ஓட்டைய வெச்சுக்கிட்டா ஊர் சுத்துறே?"

அந்த மடையன் என்னை நடக்கக்கூட விடவில்லை. தன் ஆட்களை வைத்து ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டு போனான். வழியெல்லாம், "பேசாதடா, காத்து வெளிய போயிரும்!" என்று அதட்டல் வேறு.

டாக்டர் ரொசாலியா மார்கோவ்னா படத்தைத் திருப்பி, அதில் வட்டம் வட்டமாகக் கீறியிருந்த வரிகளை நகத்தால் மெல்ல வருடினார்.

"ரொம்ப முத்திப்போச்சு. மூணு வாரம் வேலைக்குப் போகக்கூடாது. படம் என்கிட்டயே இருக்கட்டும்."

அர்ஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான். நான் கையை நீட்டினேன்.

"டாக்டரம்மா, என் படம்..."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வட்ட வட்டமாக ஒரு கட்டு நெஞ்சு, எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை.

"இந்த மாசம் நீ பதினோராவது ஆளு. கதவைச் சாத்திட்டு வா, கேப்போம். அந்தப் பையன் இதுவரைக்கும் எனக்கு ஒரு மோசமான பாட்டுகூடக் கொண்டுவந்ததில்லே."